ஒருத்தருக்குச் சிரிப்பு, இன்னொருத்தருக்குக் கடுப்பு: தரமான ஸ்டாண்ட்-அப் காமெடியன் யார்? எப்படிக் கண்டுபிடிப்பது?

நெல்லை பேட்டையில் ஒரு டீக்கடை. சாயங்கால நேரம். கல்லூரி விட்டு வந்த பையன் ஒருத்தன் மொபைலில் ஸ்டாண்ட்-அப் வீடியோ ஒன்றைப் போட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். பக்கத்து பெஞ்சில் இருக்கும் பெரியப்பாவிடம் போனை நீட்டுகிறான்.

"பெரியப்பா, இவன் என்னமா பேசுதான் பாருங்க."

அவர் ஒரு நிமிஷம் பார்க்கிறார். போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

"இதுல சிரிக்கதுக்கு என்னல இருக்கு? அவன் பாட்டுக்கு மைக்கப் புடிச்சிட்டு நிக்கான். பாதி இங்கிலீசு. கலக்கப் போவது யாரு பாத்துட்டு எப்படிச் சிரிச்சோம்!"

"அது மிமிக்ரி பெரியப்பா. இது வேற."

"எதுவா வேணா இருக்கட்டும்ல. சிரிப்பு வரணும்லா?"

இந்தப் பேச்சு பேட்டையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். ஒரே வீடியோவுக்குக் கீழே "தெய்வமே" என்று ஒருத்தர் எழுதுகிறார். "இதுக்கா கைதட்டுறாங்க?" என்று இன்னொருத்தர் கேட்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல்தான் வேறு வேறு.

அந்த அளவுகோல்கள் என்ன? எங்கிருந்து வந்தன? நெல்லைத் தமிழ் பேசும் ஒரு காமெடியனை எதை வைத்து மதிப்பிட வேண்டும்? பார்ப்போம்.

ஸ்டாண்ட்-அப் என்றால் என்ன?

ஒரு ஆள், ஒரு மைக், எதிரே கூட்டம். வேஷம் கிடையாது, கூட நடிக்க ஆள் கிடையாது. தன் வாழ்க்கையில் நடந்ததையோ, ஊர் உலகத்தில் பார்த்ததையோ தன் குரலிலேயே சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும்.

மிமிக்ரி கலைஞர் இன்னொருவரின் குரலைக் கொண்டு வருகிறார். பட்டிமன்றப் பேச்சாளருக்கு ஒரு தலைப்பு இருக்கிறது, எதிரணி இருக்கிறது, கடைசியில் நடுவர் தீர்ப்பு இருக்கிறது. நாடக நடிகருக்குக் கதை கைகொடுக்கும். ஸ்டாண்ட்-அப் ஆளுக்கு இது எதுவும் இல்லை. பார்ப்பதற்கு "சும்மா நின்னு பேசுற" மாதிரி தெரியும். ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு வரியும் எழுதி, பல மேடைகளில் சொல்லிப் பார்த்து, வெட்டித் திருத்திய பிறகே நம்மிடம் வருகிறது.

ஒரு ஜோக் எப்படி வேலை செய்கிறது?

உதாரணத்துக்கு இப்படி ஒரு ஜோக் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பையன் மேடையில் சொல்கிறான்:

"நான் ஊருக்குப் போறேன்னா எங்க மேனேஜர் லீவு லெட்டர்ல காரணத்தையே படிக்க மாட்டாரு. அல்வா எத்தன கிலோ கொண்டு வருவேன், அதான் அவருக்கு முக்கியம். போன மாசம் எங்க தாத்தா தவறிட்டாரு. போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், 'ரொம்ப வருத்தமா இருக்குப்பா... இந்தத் தடவ அரைக் கிலோ போதும்'னாரு."

மேனேஜரின் குணத்தைச் சொல்லி, தாத்தா இறந்த செய்தி வரைக்கும் கொண்டு வருவது 'செட்-அப்'. கேட்பவர் மனசில் ஒரு இறுக்கம் வருகிறது. இனி அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்க்கிறோம். 'அரைக் கிலோ போதும்' என்றதும் இறுக்கம் உடைகிறது. அதுதான் 'பஞ்ச்'. மனுஷன் துக்கத்தை எடையில் குறைத்துக் காட்டுகிறார்.

கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, "இப்பல்லாம் பாட்டிக்கு உடம்பு எப்படி இருக்குன்னு அவரே விசாரிக்காரு" என்று இன்னொன்றைப் போட்டால் அது 'டேக்'. அரை மணி நேரம் கழித்து வேறு ஏதோ சோகத்தைச் சொல்லி, கடைசியில் "அரைக் கிலோ" என்று மட்டும் சொன்னால் அது 'கால்பேக்'. பழைய ஜோக்கைக் கூட்டம் ஞாபகம் வைத்திருந்தால்தான் அது எடுபடும்.

ஜோக்கைப் பிரித்துப் பார்த்தால் அதில் சிரிப்பு மிச்சம் இருக்காது. ஆனால் தரம் பற்றிப் பேச இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் சண்டையே இங்கேதான் தொடங்குகிறது.

பெரியப்பாவின் அளவுகோல்: டிவி

2005-ல் விஜய் டிவியில் 'கலக்கப் போவது யாரு' வந்தது. சன் டிவியில் 'அசத்தப் போவது யாரு' வந்தது. மதுரை, கோவை என்று பல ஊர்களின் மேடைகளில் மிமிக்ரி செய்துகொண்டிருந்த இளைஞர்களுக்கு அந்த நிகழ்ச்சிகள் பெரிய கதவைத் திறந்தன. சிவகார்த்திகேயன், ரோபோ சங்கர் எல்லோரும் அந்தப் பாதையில் வந்தவர்கள்தான்.

அந்த மேடைக்கு என்று ஒரு கணக்கு இருந்தது. கையில் இருப்பது சில நிமிஷம். வீட்டில் தாத்தா முதல் பேத்தி வரை எல்லோருக்கும் புரிய வேண்டும். நொடிக்கொரு சிரிப்பு வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த நடிகரின் குரல், எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, சட்டென்று மாறும் உடல்மொழி, இவை கைகொடுக்கும். சிரிக்கும் நடுவர் முகத்தை கேமரா காட்டும்போது நமக்கும் சிரிப்பு ஒட்டிக்கொள்ளும்.

எனவே பெரியப்பாவின் அளவுகோல் "நிமிஷத்துக்கு எத்தனை சிரிப்பு?" என்பது. அது தப்பான அளவுகோல் இல்லை. சிரிக்க வைக்காத காமெடியை எத்தனை விளக்கம் சொல்லியும் காப்பாற்ற முடியாது.

பையனின் அளவுகோல்: ஓடிடி

தமிழ் ஸ்டாண்ட்-அப் வேறு வழியில் வளர்ந்தது. சென்னையில் கார்த்திக் குமாரும் சுனில் விஷ்ணுவும் 2003-ல் தொடங்கிய 'ஈவம்' நாடகக் குழு, பிறகு ஸ்டாண்ட்-அப் பக்கமும் வந்தது. அரவிந்த் எஸ்.ஏ.வின் 'மதராசி டா' 2017-ல் அமேசான் பிரைமில் வெளியானது. பிரவீன் குமார் 'மிஸ்டர் ஃபேமிலி மேன்' கொண்டு வந்தார். அலெக்ஸாண்டர் பாபு 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டையும் பாடகர்களையும் சிரிப்போடு சேர்த்தார்.

2020 செப்டம்பரில் 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' வந்தது. கார்த்திக் குமார், பிரவீன் குமார், ராஜ்மோகன் ஆறுமுகம் நடுவர்கள். அபிஷேக் குமார் ஜெயித்தார். டிவி மேடைக்குப் பழகிய தமிழ் பார்வையாளர்கள் பலருக்கு, ஸ்டாண்ட்-அப் என்ற வடிவத்தை ஒரு போட்டியாகப் பார்க்க அது வாய்ப்பாக இருந்தது.

இந்த மேடையின் கணக்கு வேறு. இங்கே ஒரு மணி நேரத்தை ஒரே ஆள் பிடித்து நிறுத்த வேண்டும். நொடிக்கொரு சிரிப்பு கட்டாயமில்லை. பேசுகிறவர் யார், அவருக்கு என்ன பார்வை இருக்கிறது, சொன்னது அவர் சொந்தச் சரக்கா என்றுதான் ரசிகர்கள் பார்க்கிறார்கள். ஆக, பையன் கேட்பது "இது இவரால் மட்டும் சொல்ல முடிகிற விஷயமா?" என்று.

இந்த மேடைக்கும் ஒரு பலவீனம் உண்டு. இது வளர்ந்த அறைகள் பெரும்பாலும் பெருநகர அறைகள். ஐ.டி. அலுவலகம், வாடகை வீடு, அமெரிக்க மாப்பிள்ளை, இன்ஜினியரிங் கல்லூரி என்று ஒரே வட்டத்துக்குள் விஷயங்கள் சுற்றும். பஞ்ச் வரி ஆங்கிலத்தில் விழும். அந்த வாழ்க்கை இல்லாத ஒருவருக்கு செட்-அப்பே புரியாது. செட்-அப் புரியாவிட்டால் பஞ்ச்சுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? "பாதி இங்கிலீசு" என்று பெரியப்பா சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ரீல்ஸை வைத்து முடிவு செய்யலாமா?

இன்றைக்குப் பலரும் ஒரு காமெடியனை முதலில் பார்ப்பது ரீல்ஸில்தான். அதிலும் அதிகம் வருவது 'க்ரௌட் வொர்க்'. முன்வரிசையில் இருப்பவரிடம் பேரு என்ன, என்ன வேலை, கல்யாணம் ஆகிடுச்சா என்று கேட்டு, வரும் பதிலை வைத்து அங்கேயே கிண்டல் செய்வது.

இதை அதிகம் போடுவதற்கு ஒரு தொழில் காரணம் இருக்கிறது. எழுதிய ஜோக்கை நெட்டில் போட்டுவிட்டால் அது செலவழிந்த காசு. அடுத்த ஊரில் டிக்கெட் வாங்கி வருபவர் அதை ஏற்கெனவே கேட்டிருப்பார், சிரிக்க மாட்டார். க்ரௌட் வொர்க் அன்றைக்கு, அந்தக் கூட்டத்தோடு முடிந்துவிடும். அதனால் அதை விளம்பரமாக வெளியே விடுகிறார்கள், எழுதிய சரக்கைப் பூட்டி வைக்கிறார்கள்.

ஆக, ரீல்ஸில் நாம் பார்ப்பது கடை வாசலில் வைத்த சாம்பிள். இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் எடுபட்ட ஒரு நிமிஷம் மட்டும் அங்கே இருக்கும், எடுபடாத இருபது நிமிஷம் வெட்டப்பட்டிருக்கும். அதை வைத்து ஒருவரைத் தூக்கி வைப்பதும் சரியில்லை, குப்பை என்று தள்ளுவதும் சரியில்லை.

நெல்லைத் தமிழ்: பேச்சுக்குச் சிரிப்பா, விஷயத்துக்குச் சிரிப்பா?

பேட்டைக்காரருக்கு இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. தமிழ் காமெடியில் நெல்லை வழக்கு ரொம்ப நாளாகவே ஒரு சிரிப்புச் சத்தமாகப் பயன்பட்டு வருகிறது. "ஏலே", "என்னவே", "அண்ணாச்சி" என்று இழுத்துச் சொன்னாலே வெளியூர்க் கூட்டம் சிரித்துவிடும். அங்கே பஞ்ச் என்று எதுவும் இல்லை. ஒரு ஊர்க்காரர் வீட்டில் பேசும் பேச்சே பஞ்ச் ஆகிவிடுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் மறைந்த நடிகர் நெல்லை சிவா. 2008-ல் வந்த 'கண்ணும் கண்ணும்' படத்தில், கிணற்றைக் காணவில்லை என்று வடிவேலு போலீஸிடம் புகார் கொடுக்கும் காட்சியை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் போலீஸ் அதிகாரியாக வந்தவர் அவர்தான். சிரிப்பு அங்கே எங்கிருந்து வருகிறது? கிணறு வெட்டியதாகக் காகிதம் இருக்கிறது, கிணறு இல்லை. காகிதத்தை நம்பினால் கிணறு திருடு போயிருக்க வேண்டும். முறைகேட்டை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. அந்த அதிகாரி தவிக்கும் தவிப்புக்கு நெல்லைப் பேச்சு உயிர் கொடுக்கிறது. ஆனால் வழக்கை எடுத்துவிட்டாலும் ஜோக் நிற்கும்.

இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 'அரைக் கிலோ' ஜோக்கை மதுரைத் தமிழில் சொல்லுங்கள், கோவைத் தமிழில் சொல்லுங்கள். அல்வாவுக்குப் பதில் வேறு பண்டம் வரும், ஜோக் உயிரோடு இருக்கும். "ஏலே" என்பதை எடுத்ததும் ஒரு ஜோக் செத்துப்போனால், அங்கே ஜோக் இருந்ததே இல்லை.

இதில் என்ன நஷ்டம்? மேடை ஏறும் ஒரு பேட்டைப் பையன் தன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டுமா, அல்லது வெளியூர்க்காரர் சிரிப்பதற்காக அதையே மிகைப்படுத்திப் பேச வேண்டுமா என்று தவிக்கிறான். மாற்றினால் ஊர்க்காரருக்கு அந்நியம். மிகைப்படுத்தினால் ஊரே கேலிப்பொருள். தன் பேச்சைத் தன் பேச்சாகவே வைத்துக்கொண்டு, விஷயத்தில் சிரிக்க வைப்பவர்தான் இரண்டிலிருந்தும் தப்பிக்கிறார்.

நெல்லைக்கு ஸ்டாண்ட்-அப் புதுசா?

இந்தப் பக்கத்துக்கு அது முற்றிலும் புதுசு இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு இருக்கும். வில், குடம், உடுக்கை, தாளம். நடுவில் இருந்து கதை சொல்பவர் ஒருவர். பக்கத்தில் இருந்து "ஆமா" போடுபவர் ஒருவர். ராத்திரி முழுக்கக் கூட்டத்தைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதால், சாமி கதைக்கு நடுவே ஊர்க் கதை வரும், கிண்டல் வரும். பக்கப்பாட்டுக்காரர் அப்பாவியாக ஒரு கேள்வி கேட்பார். அதுதான் செட்-அப். பாட்டுக்காரர் சொல்லும் பதில் பஞ்ச்.

நெல்லை அருகே சத்திரம் புதுக்குளத்தில் 1928-ல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அந்தக் கலையைக் கொடை மேடையிலிருந்து சென்னை சபா வரைக்கும், வானொலி வரைக்கும் கொண்டு போனார். அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனவர் நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் காலமானார்.

கலைவாணரும் 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்தில் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். நந்தனார் கதையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, படிக்க ஆசைப்படும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையனின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னது அது. சிரித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு முடியும்போது பள்ளிக்கூடம் ஞாபகம் வரும்.

பெரியப்பா கேட்கும் சிரிப்பும், பையன் கேட்கும் சொந்தப் பார்வையும் ஒரே மேடையில் இருக்க முடியும் என்று இந்த ஊர்ப் பக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

தரம் பற்றிய சண்டையில் இன்னொரு அளவுகோலும் இருக்கிறது. நிறம், உடம்பு, பொண்டாட்டி, திருநங்கை, வேலைக்கார அம்மா என்று, திருப்பிப் பேச முடியாதவர்களை வைத்தே ஓட்டுவது பழைய பழக்கம். சிரிப்பு வந்துவிடுகிறது என்பதால் அது நல்ல ஜோக் ஆகிவிடுமா என்று இளம் பார்வையாளர்கள் கேட்கிறார்கள். 'அரைக் கிலோ' ஜோக்கில் அடி வாங்குவது மேனேஜர். அதையே செத்துப்போன தாத்தாவைக் கேவலப்படுத்தி எழுதியிருந்தாலும் சிலர் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அதே நேரம், "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதும் "இவர் மோசமான காமெடியன்" என்பதும் ஒன்றல்ல. அரசியல் காமெடியில் இந்தக் குழப்பம் அதிகம். 2025 மார்ச்சில் குணால் கம்ராவின் ஒரு கிண்டல் பாட்டு மகாராஷ்டிராவில் பெரிய புயலைக் கிளப்பியது. நிகழ்ச்சி நடந்த மும்பை அரங்கு அடித்து நொறுக்கப்பட்டது. வழக்கு பதிவானது. விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பதாகச் சொல்லி அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுக, இடைக்கால முன்ஜாமீன் கிடைத்தது. அந்த நாட்களில் அவரை மேதை என்றவர்களும் காமெடியே வராது என்றவர்களும், பெரும்பாலும் தங்கள் கட்சி எந்தப் பக்கம் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெளிநாட்டிலும் இதே சண்டைதான்

அமெரிக்காவின் டேவ் சாப்பெல் 2019-ல் வெளியிட்ட 'ஸ்டிக்ஸ் அண்ட் ஸ்டோன்ஸ்' நிகழ்ச்சிக்கு ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர் மதிப்பீடு சுமார் 35 சதவீதம்தான். ரசிகர் மதிப்பீடு 99 சதவீதம். அதற்கு முந்தைய வருஷம் ஆஸ்திரேலியாவின் ஹன்னா காட்ஸ்பி வெளியிட்ட 'நானெட்' நிகழ்ச்சிக்கு நேர்மாறு. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பார்வையாளர்கள் பலர் "இது காமெடியே இல்லை" என்றார்கள். அதில் காட்ஸ்பி வேண்டுமென்றே இறுக்கத்தை ஏற்றிவிட்டு, அதைச் சிரிப்பால் உடைக்க மறுத்தார். பஞ்ச் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. ஏன் உடைக்கவில்லை என்று யோசித்தவர்களுக்கு அதுதான் நிகழ்ச்சியே.

சரி, எப்படித்தான் முடிவு செய்வது?

அடுத்த முறை ஒருவரை "செம்ம" என்றோ "மொக்கை" என்றோ சொல்வதற்கு முன்னால் இந்த 5 கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. சிரிப்பு வந்ததா? உங்களுக்கு வராவிட்டாலும், அவர் யாருக்காகப் பேசினாரோ அந்தக் கூட்டத்துக்கு வந்ததா?

2. செட்-அப் உங்களுக்குப் புரிந்ததா? புரியாத வாழ்க்கையைப் பற்றிய ஜோக் என்றால், அது உங்களுக்கான ஜோக் இல்லை, அவ்வளவுதான்.

3. குரல் மாற்றம், வட்டார இழுவை, கெட்ட வார்த்தை இவற்றை எடுத்துவிட்டால் ஜோக் மிஞ்சுகிறதா?

4. அடி யார் மேல் விழுகிறது? அவரால் திருப்பிப் பேச முடியுமா?

5. ஒரு நிமிஷ ரீல் பார்த்தீர்களா, முழு நிகழ்ச்சி பார்த்தீர்களா?

ஐந்துக்கும் நல்ல பதில் கிடைக்கும் காமெடியன் அபூர்வம். மூன்று கிடைத்தாலே டிக்கெட் காசுக்கு மோசமில்லை.

கடைசியாக ஒரு விஷயம். தரம் மேடையில்தான் வளரும். புதியவர்களுக்கு 'ஓபன் மைக்' மேடைகளில் கிடைப்பது நாலைந்து நிமிஷம். அந்த நாலைந்து நிமிஷத்தை ஒரே வாரத்தில் பல அறைகளில் சொல்லிப் பார்த்து, எங்கே சிரிப்பு விழுகிறது, எங்கே அமைதி விழுகிறது என்று கற்றுக்கொள்ள வேண்டும். சென்னைப் பையனுக்கு அது பஸ் தூரம். பேட்டைப் பையனுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம். ஊரில் ஒரு மைக்கும், ஒரு சின்ன ஹாலும், மாதம் ஒரு முறை முப்பது நாற்காலியும் கிடைத்தால் அந்தத் தூரம் குறையும். "நம்ம ஊருல நல்ல ஸ்டாண்ட்-அப் ஆளே இல்லயே" என்று சொல்வதற்கு முன்னால், அவர் பேசிப் பழக நாம் இடம் கொடுத்தோமா என்றும் பார்க்க வேண்டும்.

அதுவரைக்கும் டீக்கடை பெஞ்சும் ஒரு மேடைதான். போனைப் பையில் போட்டுவிட்டு, பையன் தன் பெரியப்பாவிடம் அந்த அல்வா ஜோக்கைத் தானே சொல்லிப் பார்க்கட்டும். நெல்லைக்காரருக்குச் செட்-அப்பை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் போகும்போது அல்வா கேட்டு நச்சரிக்காத ஆள் யாரை அவர் பார்த்திருக்கப் போகிறார்? "அரைக் கிலோ போதும்" என்ற இடத்தில் பெரியப்பா சிரித்துவிட்டால், அங்கே இரண்டு அளவுகோலும் ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம். சிரிக்காவிட்டால், வீட்டுக்குப் போய் அந்த வரியைத் திருத்த வேண்டியதுதான். ஸ்டாண்ட்-அப் காமெடியன்கள் எல்லோரும் தினமும் செய்யும் வேலை அது.